மோந்த்ரோ தீயும் ஒரு பாட்டும்: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' உருவான மூன்று வாரங்கள்

எழுபதுகளின் ராக் பாடல்களுக்குப் பின்னால் சொல்லப்படும் கதைகளில் பல, பாட்டு புகழ்பெற்ற பிறகு ரசிகர்கள் சேர்த்துக் கட்டியவை. பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (நீரின் மேல் புகை) அந்த வகையில் சேராது. எந்த ஊர், யாருடைய கச்சேரி, தீ எப்படிப் பிடித்தது, யார் ஓடிவந்து காப்பாற்றினார், பிறகு குழு எங்கே போய்ப் பதிவு செய்தது என எல்லாம் பாட்டுக்குள்ளேயே வரிசையாக இருக்கின்றன. இசையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சம்பவ அறிக்கை.

அந்த அறிக்கையை மற்ற சாட்சியங்களோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. தீதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் பாட்டை உருவாக்கியவை அதற்குப் பிறகு இரண்டரை வாரத்தில் நெருக்கடிக்கு நடுவே எடுக்கப்பட்ட சில முடிவுகள். அவற்றுக்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கொளுத்தியவர், தப்பியவர்கள், புகார் செய்த அண்டைவீட்டார், வந்த போலீஸ்காரர்கள், கதவைப் பிடித்த உதவியாளர்கள் ஆகியோர் இதில் பெயரில்லாமலே வருகிறார்கள்.

பின்னணி

1971இன் இறுதி. இயன் கில்லன் (பாட்டு), ரிச்சி பிளாக்மோர் (கிட்டார்), ஜான் லார்ட் (ஆர்கன்), ரோஜர் குளோவர் (பேஸ்), இயன் பெய்ஸ் (டிரம்ஸ்) ஆகிய ஐவரும் ஓயாத பயணங்களில் களைத்திருந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் கில்லனுக்கு மஞ்சள் காமாலை வந்து அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரத்தானது. அடுத்த ஆல்பத்தை லண்டன் ஸ்டூடியோவில் அடைபட்டுக் கிடந்து செய்ய அவர்களுக்கு மனமில்லை. மேடையில் வாசிக்கும்போது எழுகிற முழக்கம் ஸ்டூடியோவுக்குள் வந்ததும் அடங்கிப் போகிறது என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. பிரிட்டனுக்கு வெளியே பதிவு செய்வதில் வரிச் சலுகையும் இருந்தது.

தேர்ந்தெடுத்த இடம் ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோந்த்ரோ. 1881இல் கட்டிய அந்த ஊர் கேசினோவில் பெரிய கச்சேரி அரங்கு ஒன்று இருந்தது. 1967இல் அங்கே ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான குளோட் நோப்ஸ்தான் இவர்களை வரவேற்றவர். குளிர்காலத்துக்காகக் கேசினோவை மூடியதும் காலி அரங்கு குழுவின் கைக்கு வரும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரி வாசலில் நிற்கும். அரங்குக்குள் மேடைபோலவே கருவிகளை அடுக்கி வாசிப்பார்கள், லாரிக்குள் ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பிர்ச் பதிவு செய்வார். திட்டம் அவ்வளவுதான்.

அந்த லாரி அப்போது பெயர் பெற்றது. ஸ்டூடியோவுக்குப் பாட்டுக்காரர்கள் போவதற்குப் பதிலாக, அவர்கள் இருக்கும் வீட்டு வாசலுக்கு ஸ்டூடியோ வரும். லெட் செப்பலின் குழு இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் அதை வைத்துத்தான் வேலை செய்தது.

கேசினோவை மூடுவதற்கு முன் ஒரேயொரு கச்சேரி பாக்கி இருந்தது. டிசம்பர் 4, சனிக்கிழமை பிற்பகல். அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழுவும்.

டிசம்பர் 4: அரங்கில் நடந்தது

டீப் பர்ப்பிள் குழுவினரும் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கச்சேரியின் பிற்பகுதியில் டான் பிரெஸ்டன் சிந்தசைஸரில் தனியாவர்த்தனம் வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்த ஒருவர் ஃபிளேர் துப்பாக்கியை மேல்நோக்கிச் சுட்டார். கடலில் ஆபத்தில் சிக்கிய படகுகள் உதவி கேட்டு வானத்தில் சுடுகிற வெளிச்சத் துப்பாக்கி அது. அரங்கின் உட்கூரையில் பிரம்புப் பின்னல் வேய்ந்திருந்தது. வருடக்கணக்கில் காய்ந்த பிரம்பு.

முதலில் பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மூலையில் சின்னதாக எரிந்தது, மேடையில் வாசிப்பு நின்றது. ரசிகர் ஒருவர் ரகசியமாக எடுத்த ஒலிப்பதிவு பிற்காலத்தில் வெளியானதால், அந்த நிமிடத்தை இன்றும் கேட்க முடிகிறது. மக்கள் பதற்றமில்லாமல் வாசலை நோக்கி நகர வேண்டும் என்று ஸாப்பா ஒலிபெருக்கியில் சொல்கிறார். குரலில் அவசரம் இருக்கிறது, கத்தல் இல்லை.

அமைதி நீடிக்கக்கூடிய இடமாக அந்த அரங்கு இல்லை. வெளியே டிக்கெட் கிடைக்காத கூட்டம் உள்ளே வரத் துடித்ததால் சில கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள் என்று ஸாப்பா பின்னாளில் எழுதினார். அவர் கணக்குப்படி மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று குறுகலான முன்வாசல், மற்றது மேடைப் பக்கத்துப் பெரிய கண்ணாடிச் சன்னல். ஸாப்பா குழுவின் உதவியாளர் ஒருவர் கருவிப் பெட்டியைக் கொண்டு அந்தக் கண்ணாடியை உடைத்ததால் பலர் வெளியே வர முடிந்தது. பிறகு வெப்பமூட்டும் அமைப்பு வெடித்தது.

நோப்ஸ் வெளியே வந்து நின்றுவிடவில்லை. கட்டடத்தின் எந்த மூலை எங்கே திறக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பாதுகாப்பான இடம் என்று நினைத்து உள்ளேயே ஒதுங்கிவிட்ட இளைஞர்களைத் தேடிப்போய் இழுத்து வந்தார். பாட்டில் அவர் பெயர் செல்லப் பட்டத்தோடு வருவது இதனால்தான்.

கேசினோ முழுதாக எரிந்து போனது. சிலருக்குக் காயம். யாரும் சாகவில்லை. கதையைத் திரும்பச் சொல்பவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் அதை இந்த நிகழ்வின் மையமாகவே பார்க்கிறேன்.

மாலையில் டீப் பர்ப்பிள் குழுவினர் சற்றுத் தள்ளிப் பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைப்பக்கமிருந்து வீசிய காற்று புகையை ஏரிமேல் தள்ளியது. அது மேலே எழும்பாமல் நீர்ப்பரப்பின் மேலேயே படிந்து பரவியது.

முதல் முடிவு: ஊரை விட்டுப் போவதில்லை

மறுநாள் காலையில் குழுவிடம் லாரி இருந்தது, கருவிகள் இருந்தன, இடம் இல்லை. கைவசமிருந்த நாட்களும் குறைவு. லாரியின் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் தங்கியதற்குப் பெரிய காரணம் நோப்ஸ் என்றே படுகிறது. தன் விழா நடக்கும் அரங்கைப் பறிகொடுத்த மனிதர், அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழுவுக்கு மாற்று இடம் தேடி அலைந்தார். அப்படிக் கிடைத்ததுதான் ஊர் நடுவிலிருந்த 'பெவிலியன்' என்ற பழைய நாடக அரங்கு.

ஸாப்பாவின் குழுவுக்கும் இதே கேள்வி வந்தது. தீயில் அவர்களுடைய கருவிகள் எல்லாம் போயின. இருந்தாலும் பயணத்தைத் தொடர்வது என்று முடிவெடுத்து, வேறு கருவிகளைத் திரட்டிக்கொண்டு லண்டன் ரெயின்போ அரங்குக்குப் போனார்கள். டிசம்பர் 10 அன்று அங்கே பார்வையாளர் ஒருவர் மேடையேறி ஸாப்பாவைக் கீழே வாத்தியக் குழிக்குள் தள்ளிவிட்டார். பலத்த காயம். பல மாதங்கள் சக்கர நாற்காலி, குரல்வளை நசுங்கியதில் குரலே தடித்துப்போனது. ஒரே நெருக்கடியில் இரண்டு குழுக்கள் எடுத்த ஒரே மாதிரியான முடிவு இப்படி வெவ்வேறு இடத்தில் போய் முடிந்தது. அதை வைத்து எந்த முடிவு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை.

பெவிலியன்: கதவுக்கு வெளியே போலீஸ்

பெவிலியனில் குழு வாசிக்கத் தொடங்கியதும் பிளாக்மோர் ஒரு துண்டு இசையை எடுத்து வந்தார். நாலே நாலு சுரம். கர்நாடக இசை பழகிய காதில் அது ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், அதை ஒட்டியே பிரதி மத்யமம் என்று விழும். ஒவ்வொரு சுரத்தோடும் நான்காம் இடைவெளியில் இன்னொரு சுரம் சேர்ந்தே ஒலிக்கிறது. அவர் அதைப் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு வில்லையால்) தட்டாமல் இரண்டு தந்திகளையும் விரலால் ஒரே நேரத்தில் கிள்ளி வாசித்தார். பிக் ஒரு தந்தியைத் தொட்ட பிறகே அடுத்ததைத் தொடும், அந்த நூலிழை வித்தியாசம் இதில் இருக்காது. கிட்டார் பழகும் பலர் முதல் வாரத்திலேயே இதை வாசிக்கத் தொடங்கிப் பல வருடம் தவறாகவே வாசிப்பது இந்த இடத்தில்தான்.

முதலில் கிட்டார் மட்டும், அடுத்து டிரம்ஸின் இரட்டைத் தட்டான ஹை-ஹாட், பிறகு ஆர்கன், டிரம்ஸ், பேஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிட்டாருக்கான மார்ஷல் பெருக்கியில் இணைத்திருந்தார். அதனால் அது கிட்டாரைப்போலவே உறுமும். இரண்டும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் எது எது என்று பிரிப்பது கஷ்டம்.

இந்த உறுமல் பெவிலியனின் சுவருக்குள் அடங்கவில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். போலீஸ் வந்து கதவைத் தட்டியபோது உள்ளே ஒரு டேக் (பாட்டை ஒருமுறை முழுதாக வாசித்துப் பதிவு செய்வது) நன்றாக வந்துகொண்டிருந்தது. குழுவின் உதவியாளர்கள் கதவுகளை உட்புறமாக அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள், குழு வாசித்து முடித்தது. பிறகு கதவு திறந்தது, இடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

இங்கே எடுக்கப்பட்ட முடிவு மேலோட்டத்தில் சின்னது. நிறுத்தச் சொல்லி ஆள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் டேக்கை முடிப்பது. அண்டைவீட்டாரின் தூக்கம் அவர்களுடைய உரிமை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஆல்பத்தில் நாம் இன்று கேட்கும் அந்தப் பாட்டின் அடித்தளம் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் முடிந்த டேக்தான். அப்போது அதற்கு வரியும் கிடையாது, தலைப்பும் கிடையாது.

கிராண்ட் ஓட்டல்: நடைபாதையில் ஒரு ஸ்டூடியோ

கடைசியாகக் கிடைத்த இடம் ஊரின் விளிம்பிலிருந்த கிராண்ட் ஓட்டல். குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்தது. வெப்பமூட்டி ஓடவில்லை, விருந்தினர் இல்லை. குழு கீழ்த்தள நடைபாதையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அறைகளிலிருந்த மெத்தைகளைக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தி எதிரொலியை அடக்கியது. பெரிய சூடேற்றிகளை வைத்துக் குளிரைச் சமாளித்தார்கள். பாட்டின் கடைசிப் பகுதி வர்ணிப்பது இந்தக் காலியான, சில்லிட்ட கட்டடத்தைத்தான்.

ஒரு சிக்கல் எஞ்சியது. லாரி வெளியே நிற்கிறது. பதிவானதைக் கேட்க வேண்டுமென்றால் நடைபாதையிலிருந்து அறைகளுக்குள் புகுந்து, குளியலறையைக் கடந்து, மாடத்தில் ஏறி இறங்கி, முற்றத்துப் பனியில் நடந்து லாரிக்குப் போக வேண்டும். கேட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். சில முறை போய்வந்த பிறகு விட்டுவிட்டார்கள். லாரிக்குள் இருக்கும் பிர்ச் சரி என்றால் சரி, அடுத்த பாட்டு.

இந்த ஆல்பத்தின் இறுக்கத்துக்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஒவ்வொரு டேக்கையும் கேட்டால் ஒவ்வொருவருக்கும் தன் வாசிப்பில் ஒரு குறை தென்படும், திரும்ப வாசிப்பார்கள், ஐந்தாவது தடவையில் வேகம் தணிந்துவிடும். இங்கே அந்த வாய்ப்பு அடைபட்டது. ஐவரும் அப்போது வாசித்ததை நம்பினார்கள், வெளியே காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த பொறியாளரையும் நம்பினார்கள். 'ஹைவே ஸ்டார்' பாட்டின் ஆர்கன், கிட்டார் தனிப்பகுதிகளைக் கேட்டால், மேடையில் நிற்பவர்களின் நம்பிக்கை அதில் தெரிகிறது.

டிசம்பர் 6 தொடங்கி 21க்குள் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் வேலை முடிந்தது.

தலைப்பும் வரிகளும்

தீ நடந்து சில நாட்களுக்குப் பின் ஒரு காலை, குளோவர் தூக்கம் கலைந்து எழும்போது தன் வாயிலிருந்தே ஒரு சொற்றொடர் வெளிவந்ததைக் கேட்டார். அதுதான் தலைப்பு. கில்லனிடம் சொன்னபோது அவர் தயங்கினார். போதைப்பொருள் பாட்டு என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. அந்தக் காலத்தில் தலைப்பில் புகை என்று ஒரு வார்த்தை வந்தாலே அப்படித்தான் அர்த்தம் கொள்வார்கள் என்பதால், கவலை நியாயமானதே.

ஆல்பத்தை அளந்து பார்த்தபோது இன்னும் சில நிமிடம் குறைந்தது. பெவிலியனில் தப்பிய அந்தப் பெயரில்லாத டேக் நினைவுக்கு வந்தது. அதற்கு வரி எழுத வேண்டும், நேரமில்லை. கில்லனும் குளோவரும் என்ன நடந்ததோ அதையே எழுதினார்கள்.

நோப்ஸ் சொல்லிவந்த கதை இதோடு முழுதும் ஒத்துப்போகாது. குழு தனக்குப் பரிசாக இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியதாகவும், ஆல்பத்தில் சேர்க்கப் போவதில்லை என்று சொன்னதாகவும், சேர்க்காவிட்டால் பைத்தியக்காரத்தனம் என்று தான் வற்புறுத்தியதாகவும் அவர் சொல்வார். இரண்டு கதைகளும் ஒரு விஷயத்தில் சேர்கின்றன. இந்தப் பாட்டின் மேல் குழுவுக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கவில்லை.

வரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேசினோ எரிந்ததை வைத்து உலகம் அழிவதைப் பற்றியோ இளமையின் முடிவைப் பற்றியோ எழுதியிருக்கலாம். அந்தக் காலத்து ராக்கில் அப்படி எழுதுவது வழக்கம்தான். நேர நெருக்கடி அவர்களை அதிலிருந்து காப்பாற்றியது. ஊர், ஆள், துப்பாக்கி, ஓட்டல், லாரி, பழைய கட்டில்கள் என்று பொருட்களாகவே அடுக்கிக்கொண்டு போகிறார்கள். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கும்போது பெரும்பாலும் ஒத்துப்போவது அதனால்தான்.

வெளியீடும் விளைவும்

1972 மார்ச்சில் 'மெஷின் ஹெட்' வெளிவந்து பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. தனி இசைத்தட்டாகத் தேர்ந்தெடுத்தது 'நெவர் பிஃபோர்' என்ற பாட்டை. அது பிரிட்டன் பட்டியலில் 35ஆம் இடத்தோடு நின்றது.

மேடையில் நிலைமை வேறாக இருந்தது. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான 'மேட் இன் ஜப்பான்' நேரலை ஆல்பத்தில், அந்த நாலு சுரம் தொடங்கியதும் அரங்கு என்ன ஆகிறது என்பதைக் கேட்கலாம். 1973 மே மாதம் அமெரிக்காவில் பாட்டைச் சுருக்கித் தனி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அது பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. ஆல்பம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பாட்டு உச்சத்தைத் தொட்ட கோடையில், அதை எழுதிய கில்லனும் குளோவரும் குழுவிலேயே இல்லை. 1973 ஜூன் 29 அன்று ஒசாகாவில் கடைசிக் கச்சேரியை வாசித்துவிட்டு விலகியிருந்தார்கள். பிற்காலத்தில் இருவரும் திரும்பி வந்தது தனிக் கதை.

மோந்த்ரோவில் புதிய கேசினோ 1975இல் திறந்தது. அதற்குள் ஒரு ஒலிப்பதிவுக் கூடமும் வந்தது. மவுண்டன் ஸ்டூடியோஸ் என்ற அந்தக் கூடத்தை 1979இல் குவீன் குழு வாங்கியது. குவீனும் டேவிட் போவியும் சேர்ந்து 'அண்டர் பிரஷர்' பாட்டை 1981இல் உருவாக்கியது அங்கேதான். நோப்ஸ் ஜாஸ் விழாவைத் தொடர்ந்து நடத்தி, 2013இல் காலமானார்.

இன்று என்றால் எது மாறவேண்டும்

முதலில் கூரை. மக்கள் கூடும் அரங்கின் உட்கூரையில் எளிதில் தீப்பற்றும் அலங்காரம் இருக்கவே கூடாது. அடுத்து கதவு. டிக்கெட் இல்லாதவர் உள்ளே வந்துவிடுவார் என்ற பயத்தில் வெளியேறும் வழியைப் பூட்டுவது உலகம் முழுக்க நடக்கிற ஒன்று. 2004 டிசம்பர் 30 அன்று பியூனஸ் அயர்ஸின் க்ரோமன்யோன் அரங்கில் மோந்த்ரோ அப்படியே திரும்ப நடந்தது. கூட்டத்தில் ஒருவர் கொளுத்திய வாணம், கூரையில் எரியும் பொருள், அடைத்த அவசரக் கதவு. 194 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மேடை வாணவேடிக்கையால் ஒரு கேளிக்கை விடுதி எரிந்து 100 பேர் இறந்திருந்தார்கள்.

மோந்த்ரோவில் யாரும் சாகாததற்கு, கிடைத்த சாட்சியங்களை வைத்து நான் மூன்று காரணம் சொல்வேன். தீ முதலில் மெதுவாகப் பரவியது. மேடையிலிருந்தவர் இசையை நிறுத்தி, கூட்டத்திடம் நிதானமாகப் பேசினார். உடைக்கக்கூடிய ஒரு கண்ணாடியும் கட்டடத்தின் வழிகளை மனப்பாடமாக அறிந்த ஆட்களும் இருந்தார்கள். முதல் காரணம் அதிர்ஷ்டம், அதை நம்பி யாரும் அரங்கு நடத்த முடியாது. மற்ற இரண்டையும் ஏற்பாடு செய்யலாம். கச்சேரி தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் வெளியேறும் வழிகளை அறிவிப்பது, நெருக்கடியில் மேடையிலிருந்து யார் பேசுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வது, கதவுப் பணியாளர்களை ஒருமுறை இருட்டில் நடக்கவிட்டுப் பழக்குவது எல்லாம் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை.

பதிவு விஷயத்தில் நான் மாற்றச் சொல்வது பெவிலியனைத்தான். ஊர் நடுவில் அவ்வளவு சத்தத்தோடு வேலை செய்வதென்றால், முதல் நாளே சுற்றியுள்ள வீடுகளில் சொல்லி நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேசியிருந்தால் கதவைப் பிடிக்க வேண்டியிருக்காது, ஒரு டேக்குக்குப் பதிலாக ஒரு வாரம் கிடைத்திருக்கவும் கூடும். இசைத்தட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை, தனி இசைத்தட்டுக்கான பாட்டை அலுவலக அறையில் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு மூன்று கச்சேரிகளில் கூட்டத்தின் நடுவே நின்று கேட்டிருந்தால், அமெரிக்காவில் ஓராண்டும் பிரிட்டனில் 1977 வரையும் அந்தப் பாட்டு தனி இசைத்தட்டாகக் காத்திருக்க வேண்டி வந்திருக்காது.